அப்பச்சிக்கு முகாமில் சுகர் 214: இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கானாடுகாத்தான்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வோம்) வயது 58. காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை. இதுவரை சுகர், பிரஷர் என்று எதற்கும் மாத்திரை போட்டதில்லை. இன்று காலை உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு எதிரே இலவச மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. சாப்பிட்டு வெளியே வந்தவரைக் கூட்டாளி ஒருவர் இழுத்துக்கொண்டு போய் விரலில் குத்த வைத்துவிட்டார். துண்டுச் சீட்டில் 'சுகர் 214, மருத்துவரை அணுகவும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விட்டது. 'கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் யாருக்கும் இருநூறு வரும், விடு' என்கிறார் பெரியப்பச்சி. 'நாளையிலிருந்து பாகற்காய்ச் சாறு' என்கிறார் அயித்தை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரை அட்டையிலிருந்து இரண்டைக் கிழித்துக் கையில் கொடுத்தே விட்டாராம். ஆத்தா போனில் அழுகிறார். நான் இருப்பது சென்னையில். 214 என்றால் சர்க்கரை நோய் என்று அர்த்தமா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

லேப்காரன் | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, முதல் வேலையாக அந்த இரண்டு மாத்திரையை அப்பச்சி கையிலிருந்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சுகர் மாத்திரைகளில் கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியானவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் அதை விழுங்கினால் சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, மயங்கி விழ நேரிடும். 214 இன்று இரவே ஒன்றும் செய்துவிடாது. அந்த மாத்திரை செய்யக்கூடும்.

இனி உங்கள் கேள்வி. அந்த எண்ணை மட்டும் வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்குச் சில விவரம் வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் குத்தினார்கள்? என்ன சாப்பிட்டார்? கை கழுவினாரா? அண்மையில் மூட்டு வலிக்கோ இளைப்புக்கோ ஊசி போட்டாரா? காய்ச்சல் ஏதும் உண்டா? தாகம், இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பது, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இவை இருக்கின்றனவா? அப்பச்சியைப் பெற்றவர்களில் யாருக்காவது சுகர் இருந்ததா?

வாந்தி, மூச்சு வாங்குவது, தலை கிறுகிறுப்பது என்று ஏதாவது இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு. இல்லையென்றால் பொறுமையாகப் பார்க்கலாம்.

கானாடுகாத்தான்காரன் | ஞாயிறு, இரவு 9.50

நன்றி அண்ணே. மாத்திரையை ஆத்தா குப்பையில் போட்டாயிற்று. போனில் கேட்டு எழுதுகிறேன்.

பந்தியில் உட்கார்ந்தது ஒன்பதேகால். குத்தியது பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால். இலையில் கவுனி அரிசி (இரண்டு தடவை வாங்கினாராம்), வெள்ளைப் பணியாரம், இட்லி, வடை, கடைசியில் காபி. கையைக் கழுவினார், அப்புறம் முகாம் வாசலில் யாரோ கொடுத்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே வரிசையில் நின்றிருக்கிறார். ஊசி, காய்ச்சல் எதுவும் இல்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறார், 'வயசானால் அப்படித்தான்' என்கிறார். ஆத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பத்தாவுக்குச் சுகர் இருந்தது, கடைசிக் காலத்தில் காலில் புண் ஆறாமல் கஷ்டப்பட்டார்.

கோலாலம்பூர் கடை | ஞாயிறு, இரவு 10.15

இருநூத்திச் சொச்சமா! எனக்கு இங்கே மெஷினில் 7தான் காட்டுகிறது, அதற்கே டாக்டர் முறைக்கிறார்.

லேப்காரன் | ஞாயிறு, இரவு 10.30

@கோலாலம்பூர் கடை: அண்ணே, உங்கள் மெஷின் வேறு அலகில் காட்டுகிறது. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் மில்லிமோலில் சொல்வார்கள், நமக்கு இங்கே டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். உங்கள் எண்ணை 18ஆல் பெருக்கினால் எங்கள் எண். வெறும் வயிற்றில் 7 என்றால் 126. சர்க்கரை நோய்க்குக் கோடு போட்டிருக்கும் இடமே அதுதான். டாக்டர் முறைத்தது நியாயம்.

@கானாடுகாத்தான்காரன்: வாழைப்பழம் உரித்த கையோடு போனார் என்பதைக் குறித்துக்கொண்டேன். விரல் நுனியில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மெஷின் அதையும் சேர்த்துத்தான் அளக்கும். ஒரு சொட்டில் எவ்வளவு ரத்தம் இருக்கப்போகிறது, அதில் துளி இனிப்புக் கலந்தாலே எண் எகிறும். பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்தால் முழுசாகப் போகாது, தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். அது போக, நல்ல மெஷினுக்கே இந்த அளவில் 15 சதவீதம் முன்பின் காட்ட அனுமதி உண்டு. அதாவது உண்மையான அளவு 186 ஆகவும் இருக்கலாம், 252 ஆகவும் இருக்கலாம். முகாமில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வெயிலில் வைத்திருந்தால் இன்னும் மோசம். சாப்பிட்ட பிறகு விரலில் எடுக்கும் ரத்தம், நரம்பில் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

இவ்வளவு சொன்னதால் பெரியப்பச்சி கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதாக நினைக்க வேண்டாம். கணையமும் கல்லீரலும் ஒழுங்காக வேலை செய்கிறவர் கல்யாண விருந்தே சாப்பிட்டாலும், இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் 140க்குக் கீழே வந்துவிடுவார். இருநூறைத் தொடுவது சாப்பாட்டின் குற்றம் மட்டும் இல்லை. அதோடு இரவில் எழுந்திருப்பது, அப்பத்தாவின் வரலாறு. எனக்கு இது வாழைப்பழக் கணக்கில் முடியும் என்று தோன்றவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி | திங்கள், காலை 6.20

தம்பி, கவுனி அரிசி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது டவுனில் 'கருப்புக் கவுனி சாப்பிட்டால் சுகர் குறையும்' என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். தவிடோடு இருக்கிற அரிசி, வெள்ளை அரிசியைவிட நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் அதை எப்படிச் செய்கிறோம்? ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, சூட்டோடு சீனியைக் கொட்டி, தேங்காய்ப்பூ, நெய் விட்டுக் கிளறுகிறோம். எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு உழக்குக் கவுனிக்கு முக்கால் உழக்குச் சீனி. கல்யாணத்தில் கைதாராளம் இன்னும் கூடும். அந்தப் பண்டத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு 'கவுனிதானே' என்றால் எப்படி?

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டேன், வெல்லம் போட்டேன் என்று சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். ரத்தத்துக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்.

எங்கள் செட்டியாருக்கும் சுகர் உண்டு. கவுனியை நிறுத்தவில்லை. சீனி போடாமல் உப்புப் போட்டு வடித்து, ஒரு கரண்டி, கூடவே வெண்டைக்காய் மண்டியும் கீரையும். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு பழகிவிட்டார்.

பழைய சோறு | திங்கள், காலை 8.10

நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் 140 வரை சுகர் இல்லை என்றார்கள். அப்புறம் 126 என்றார்கள். இப்போது 100க்கு மேல் போனாலே 'ப்ரீ-டயபட்டிஸ்' (நோய்க்கு முந்தைய கட்டம்) என்று ஒரு பேர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள். கோட்டைக் கீழே இறக்க இறக்க யாருக்கு லாபம்? மாத்திரைக் கம்பெனிக்கு. நம் ஐயாக்கள் பர்மாவில் கொண்டுவிற்று, மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்று எண்பது வயது இருந்தார்கள். அவர்கள் எந்த லேபுக்குப் போனார்கள்?

லேப்காரன் | திங்கள், பிற்பகல் 1.30

அண்ணே, கோடு இறங்கியது உண்மை. 1997இல் அமெரிக்க நீரிழிவு சங்கம் வெறும் வயிற்று அளவை 140இலிருந்து 126க்குக் கொண்டு வந்தது, உலக சுகாதார நிறுவனமும் பின்னாலேயே ஏற்றுக்கொண்டது. ஏன் என்று பாருங்கள். 140 என்று வைத்திருந்தபோது, அதற்குக் கீழே இருந்து 'உனக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்ட பலருக்கு விழித்திரையில் சர்க்கரை நோய்க்கே உரிய சேதம் இருந்தது. எந்த அளவுக்கு மேல் கண் கெட ஆரம்பிக்கிறது என்று பார்த்துப் போட்ட கோடு அது.

100 விஷயத்தில் உங்களோடு பாதி வழி வருகிறேன். 2003இல் அமெரிக்கர்கள் 110ஐ 100 ஆக்கினார்கள், உலக சுகாதார நிறுவனம் 110லேயே நின்றுவிட்டது. மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிற இடம்தான். ஆனால் 105 வந்தவருக்கு எடுத்த எடுப்பில் யாரும் மாத்திரை எழுதுவதில்லை. வயிற்றைக் குறை, நட என்பார்கள். அதில் எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஐயாக்கள் நடந்தே ஊர் ஊராகப் போனவர்கள். அப்பச்சி கல்லாவில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருப்பவர். சோறு அதே சோறுதான்.

பழைய சோறு | திங்கள், பிற்பகல் 2.05

கண் விஷயம் எனக்குப் புதிது. சரி, படித்துப் பார்க்கிறேன். ஆனாலும் வெந்தயத்தை விடமாட்டேன்.

லேப்காரன் | திங்கள், பிற்பகல் 2.20

வெந்தயத்தை யார் விடச் சொன்னது? நன்றாகச் சாப்பிடுங்கள். மாத்திரை எழுதித் தந்த பிறகு அதை நிறுத்திவிட்டு வெந்தயம் சாப்பிடுவதுதான் வம்பு. இன்னொன்று, மூட்டு வலிக்கு என்று கைமடக்குப் பொட்டலத்தில் விற்கிற பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் முதலிலேயே ஊசி மருந்து பற்றிக் கேட்டேன்.

@கானாடுகாத்தான்காரன், அப்பச்சியை எந்த டெஸ்டுக்கு அனுப்புவது என்று சொல்கிறேன். ஊரில் பலரும் வெறும் வயிற்றில் ஒன்று, காலைப் பலகாரத்துக்குப் பின் ஒன்று என்று இரண்டு எடுத்துவிட்டு வருவார்கள். டெஸ்ட் அன்று மட்டும் நல்ல பிள்ளையாக இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள், எண் அழகாக வரும். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது சரியான வழி இல்லை. குளுக்கோஸ் கரைசல் குடிக்கிற டெஸ்ட் வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. கூடவே ஹெச்பிஏ1சி, சுருக்கமாக ஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் டெஸ்ட். டாக்டரிடம் சீட்டு வாங்கும்போது இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கணக்கு இதுதான். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், கரைசல் குடித்த இரண்டாம் மணியில் 200 அல்லது அதற்கு மேல், ஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல், இவற்றில் இரண்டு ஒத்துப்போனால் சர்க்கரை நோய் உறுதி. ஒன்று மட்டும் கூடியிருந்தால் இன்னொரு நாள் அதையே திரும்பச் செய்வார்கள். இரண்டாம் மணியில் 140 முதல் 199, ஏ1சி 5.7 முதல் 6.4 என்பவை நடுக்கட்டம்.

அப்புறம், ஆத்தா இப்போதே சோற்றை நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். நிறுத்த வேண்டாம். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாளும் வழக்கமான சாப்பாடு சாப்பிட வேண்டும். பட்டினி போட்டுவிட்டுத் திடீரென்று குளுக்கோஸ் கொடுத்தால் கணக்குத் தப்பும்.

சுகர் சீனியர் | திங்கள், மாலை 5.45

லேப்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்தத்தை எங்கே எடுக்கிறார்கள், எங்கே பரிசோதிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கிராமத்தில் எடுத்து, டப்பாவில் போட்டு, பைக்கில் டவுனுக்கு அனுப்பும் இடங்கள் நிறைய. எனக்கு ஒருமுறை அப்படி எடுத்ததில் எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தது.

லேப்காரன் | திங்கள், இரவு 7.15

அதில் விஷயம் இருக்கிறது. குழாய்க்குள் போன ரத்தத்திலும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. அதற்காகத்தான் சர்க்கரைக்கு என்று சாம்பல் நிற மூடி போட்ட குழாய், உள்ளே ஃபுளோரைடு இருக்கும். ஏ1சிக்கு ஊதா மூடி. ஊசி போடும்போது இரண்டு நிறக் குழாய் மேசையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள், நினைத்தால் வேறு லேபுக்குப் போங்கள்.

ஏ1சியிலும் ஒரு பொறி உண்டு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் அதன் மேல் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும், அதை அளந்து கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை கூடாமலேயே ஏ1சி கொஞ்சம் கூடித் தெரியும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் எண்ணை நம்ப முடியாது. பெண்களுக்கு எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

புதுவயல் புல்லட் | திங்கள், இரவு 9.30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். போன மாதம் கம்பெனி செக்கப்பில் எனக்கு வெறும் வயிற்றில் 112, ஏ1சி 6.1. 'பார்டர், ஒன்றுமில்லை' என்றுவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

சுகர் சீனியர் | திங்கள், இரவு 10.10

'ஒன்றுமில்லை' என்ற வார்த்தையை நம்பி நானும் உங்கள் வயதில் சும்மா இருந்தவன்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. கரைசல் குடித்த இரண்டாம் மணியில் 140க்கும் 199க்கும் நடுவில் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். அதில் மூன்று ஆண்டில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பாதிக்கு மேல்! இன்னொரு பிரிவைத் தொடர்ந்து பின்பற்றி, நடக்க வைத்து, சாப்பாட்டைத் திருத்தினார்கள். அதில் சுமார் 39 பேர். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்த பிரிவில் சுமார் 40. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் அதே 39 சொச்சம்தான். அதாவது நடப்பதும் சாப்பாட்டைத் திருத்துவதும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. அதையும் மீறிப் பலருக்கு வரத்தான் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

இதை ஒட்டி ஒன்று. நம் ஆட்களில் பலருக்கு வெறும் வயிற்று எண் பார்க்க நன்றாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். உங்கள் 112ஐ வைத்து முடிவு கட்டாமல் கரைசல் டெஸ்ட் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இடுப்பு எவ்வளவு?

புதுவயல் புல்லட் | திங்கள், இரவு 10.25

பேன்ட் சைஸ் 34 சார்.

சுகர் சீனியர் | திங்கள், இரவு 10.40

பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. நான் கேட்டது தொப்பையை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் பிடித்து அளங்கள். வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் எல்லோரும் ஒல்லிதான்.

கானாடுகாத்தான்காரன் | வெள்ளி, மாலை 4.15

ரிசல்ட் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி கரைசல் டெஸ்டும் ஏ1சியும் எடுத்தோம். வெறும் வயிற்றில் 118. இரண்டாம் மணியில் 208. ஏ1சி 6.8. சர்க்கரை நோய்தான் என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பச்சி 118ஐ மட்டும் பார்த்துவிட்டு 'நான்தான் சொன்னேனே' என்று எழுந்தார். டாக்டர் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டாராம். மெட்ஃபார்மின் குறைந்த அளவில், சாப்பாட்டோடு. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஏ1சி. அது போக விழித்திரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கொழுப்பு, பாதம் எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அப்பச்சிக்கு அதில்தான் கோபம். 'நேற்றுக் கண்டுபிடித்த நோய்க்கு இன்றைக்கே கண்ணு, கிட்னி என்று எதற்கு இத்தனை டெஸ்ட்? பணம் பறிக்கிற வேலை' என்கிறார்.

லேப்காரன் | வெள்ளி, மாலை 5.00

கண்டுபிடித்தது நேற்று, வந்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்? டைப் 2 என்கிற இந்த வகைச் சர்க்கரை சத்தம் போடாமல் பல வருடம் இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும். சிலருக்குக் கண்டுபிடிக்கிற அன்றே விழித்திரையில் மாற்றம் இருக்கும். அதனால்தான் முதல் நாளே எல்லாவற்றையும் பார்ப்பது. செலவு இடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் பாருங்கள். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், பதிவு செய்துகொள்ளலாம்.

118ஐ மட்டும் எடுத்திருந்தால் இவரையும் 'பார்டர்' என்று அனுப்பியிருப்பார்கள். புதுவயல் தம்பி கவனிக்கவும்.

பள்ளத்தூர் ஆச்சி | வெள்ளி, மாலை 6.30

ஆத்தாவிடம் சொல்லு தம்பி, தனிச் சமையல் ஒன்றும் வேண்டாம். நம் சமையலிலேயே தண்ணிக்குழம்பு, கீரை மண்டி, பாசிப்பருப்பு, கோழி ரசம் என்று கிடக்கிறது. சோற்றை அளந்து வை, காயை அளக்காமல் வை. இடியாப்பம் 'லேசான பலகாரம்' என்று ராத்திரிக்கு ஆறு ஏழு வைப்பார்கள், அதுவும் அரிசி மாவுதான். கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். நைசாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சட்டென்று ஏறும், களியாகவோ அடையாகவோ காயோடு சாப்பிடலாம்.

கல்யாணச் சீர்ப் பலகாரம் வீட்டில் இன்னும் இருக்கும். அதிரசம், மணகோலம், மாவுருண்டை. டின்னை வேலைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மட்டும் சுகர் வராதா என்ன. அடுத்த சீருக்குப் பாதி அளவு போட்டால் போதும் என்று சம்பந்திகள் பேசிக்கொள்ள வேண்டும். அதுதான் நடக்க மாட்டேன் என்கிறது.

தேவகோட்டை மருமகள் | வெள்ளி, இரவு 8.50

அண்ணே, உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் அவரையும் கேளுங்கள். எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கரைசல் கொடுத்துப் பார்த்ததில் 140ஐத் தாண்டிவிட்டது. கர்ப்பிணிகளுக்குக் கோடே வேறு, இரண்டாம் மணியில் 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்கிறார்கள். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, ஒரே தடவை ரத்தம் எடுத்தால் போதும் என்ற இந்த முறையை முன்னெடுத்தவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது, வீட்டில் எல்லோரும் மறந்தும் விட்டார்கள். செவிலியர் அக்கா விடவில்லை. பிரசவம் முடிந்து ஆறு வாரத்துக்கு மேல் ஒருமுறை, அப்புறம் வருடா வருடம் பார்க்க வேண்டும், இப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்புப் பல மடங்கு என்று சொல்லித் துரத்தினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நமக்காக லேப் வாசலில் போய் நிற்பதற்கு எந்த மாமியாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

கானாடுகாத்தான்காரன் | வெள்ளி, இரவு 9.40

தங்கச்சிக்கும் அப்படி இருந்ததாம்! இப்போதுதான் ஆத்தா சொல்கிறார். 'சரியாகிப் போச்சு, எதற்குச் சொல்லணும்' என்று இருந்துவிட்டார்களாம். அவளையும் அனுப்புகிறேன்.

எனக்கு என்ன வாய்ப்பு? வயது 34. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, உடற்பயிற்சி கிடையாது. சீனியர் சொன்ன இடத்தில் டேப் வைத்தேன், 94 செ.மீ.

சுகர் சீனியர் | வெள்ளி, இரவு 10.20

சென்னையில் டாக்டர் மோகனின் ஆராய்ச்சி மையம் 2005இல் நம் மக்களுக்கென்றே போட்ட மதிப்பெண் கணக்கு ஒன்று உண்டு, ரத்தம் எடுக்காமலே பார்க்கலாம். வயது 35க்குக் கீழே பூஜ்யம், 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ. தொட்டால் 10, 100 தொட்டால் 20. பெண்களுக்கு 80, 90. உடற்பயிற்சியும் இல்லை உழைப்பும் இல்லை என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இருந்தால் பூஜ்யம். பெற்றவர்களில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 தொட்டால் அபாயம் அதிகம்.

உங்களுக்கு 0, 10, 30, 10. மொத்தம் 50. நடுத்தரம். ஆனால் அடுத்த பிறந்தநாளன்று ஒன்றுமே செய்யாமல் 70 ஆகிவிடுவீர்கள். வயதையும் அப்பச்சியையும் மாற்ற முடியாது. இடுப்பை 90க்குள் கொண்டு வந்து, தினமும் ஒழுங்காக நடந்தால் 35 வயதிலும் 50லேயே நிற்கலாம். இது நோய் இருக்கிறதா என்று சொல்லும் கணக்கு இல்லை, யார் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் கணக்கு.

கோலாலம்பூர் கடை | வெள்ளி, இரவு 11.05

நான் போட்டுப் பார்த்தேன், 90. டேப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

கானாடுகாத்தான்காரன் | சனி, காலை 7.30

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அப்பச்சிக்கு அன்று கண் டெஸ்ட். அதே காலையில் நானும் தங்கச்சியும் கரைசல் டெஸ்ட் எடுத்துவிடலாமா, லேப்காரண்ணே?

லேப்காரன் | சனி, காலை 8.00

தாராளமாக. வெள்ளி இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அதன் பிறகு பச்சைத் தண்ணீர் மட்டும். காலையில் காபி கூடாது, சீனி போடாத காபியும் கூடாது. ஏழரைக்கு வந்தால் ஒன்பதரை, பத்துக்கு முடிந்துவிடும். கரைசல் குடித்த பிறகு இரண்டு மணி நேரமும் லேபிலேயே உட்கார வேண்டும், கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வருகிறேன் என்று கிளம்பக் கூடாது. நடந்தால் எண் குறைந்துவிடும். சிலருக்குக் குமட்டும், வாந்தி எடுத்துவிட்டால் டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். தங்கச்சிக்கு ஹீமோகுளோபினும் எழுதி வாங்குங்கள்.

அப்பச்சிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிப்பார்கள். சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்துத் தெரியாது. அவர் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், திரும்பும்போது நீங்கள் கூட்டிப் போங்கள். கடையை அன்று மத்தியானம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், பில் போட வராது.